திறந்த ஜன்னலுக்கு ஒரு லைசன்

நாடு முழுக்க முறை வைத்துக் கரண்ட் வெட்டிய காலம் அது. எந்தப் பகுதிக்கு எந்த நேரம் இருட்டு என்று பேப்பரில் போட்டுவிடுவார்கள். நாங்களும் அதைப் பார்த்து முன்கூட்டியே சோறாக்கி வைத்துவிடுவோம். அப்படி ஒரு மாலை, சொன்ன நேரத்துக்குச் சொன்னபடி கரண்ட் போனது. கொஞ்ச நேரத்தில் கேட்டில் யாரோ தட்டும் சத்தம். டோர்ச்சை எடுத்துக்கொண்டு போய்ப் பார்த்தால், பக்கத்து வளவுத் தங்கக்காரர் தோளில் துவாயோடு நிற்கிறார்.

“மன்னிச்சுக்குங்க அக்கா. இப்பதான் தங்கம் உருக்க உலையப் போட்டேன். அதான் கரண்ட இழுத்திருச்சு போல.”

“தம்பி, கண்டி பூரா கரண்ட் இல்ல. பேப்பர்ல போட்டிருந்தானே, பாக்கலயா?”

“பாத்தேன் அக்கா. இருந்தாலும் நான் உலையப் போட்ட நேரமா பாத்துப் போயிருச்சே.”

எனக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை. அவர் சிரிக்கவில்லை. இதையே சொல்வதற்காக அடுத்த வீட்டுக் கேட்டை நோக்கி நடந்தார்.

அவருக்கு ஒரு பெயர் இருந்தது. விண்ணப்பங்களில் எல்லாம் அதை என் கையாலேயே எழுதியிருக்கிறேன். ஆனால் கட்டுகஸ்தோட்டைப் பக்கத்து எங்கள் லேனில் யாரும் அந்தப் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டதில்லை. எல்லோருக்கும் அவர் தங்கக்காரர். என் அம்மாவுக்கு மட்டும் ‘அந்தப் பையன்’. பையனுக்கு வயது நாற்பதைத் தாண்டியிருந்தது. இங்கேயும் பெயரை எழுதப் போவதில்லை. எழுதும் தகுதியை நான் இழந்துவிட்டேன் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

குழாயில் தண்ணீர் மெலிந்து வந்தால், தான் தொட்டி நிரப்பியதால்தான் என்பார். லேனில் நாய் குரைத்தால், தன் வீட்டுக்கு வந்த ஆளைப் பார்த்துத்தான் குரைக்கிறது என்பார். யாரோ வாழைப்பழத் தோலில் வழுக்கி விழுந்ததற்குக்கூட, “காலைல கூட்டும்போது நான் கவனிச்சிருக்கணும்” என்று வருத்தப்பட்டார். மற்றவர்கள் வணக்கம் சொல்கிற மாதிரி இவர் “என் மேலதான் தப்பு” என்று சொல்லிக்கொண்டே பேச்சைத் தொடங்குவார். முதலில் இது எங்களுக்கு வேடிக்கையாக இருந்தது. பிறகு வசதியாக இருந்தது. பழியைத் தூக்கிக்கொள்ள ஒரு ஆள் பக்கத்திலேயே இருந்தால் யாருக்குத்தான் கசக்கும்?

அவருடைய தொழில் தங்கத்தைச் சுத்தம் செய்வது. கண்டி நகைக்கடைக்காரர்களும் பத்தர்மாரும் பழைய நகைகளைக் கொண்டுவந்து கொடுப்பார்கள். அதை உருக்கி ஆசிட்டில் போடுவார். செம்பும் வெள்ளியும் கரைந்துபோகும். அடியில் சேறு மாதிரி ஒரு தூள் தங்கும். அதைக் கழுவிக் காயவைத்து மறுபடி உருக்கினால் மஞ்சளாகத் தங்கம் வரும். முதல் தடவை அந்தத் தூளைக் காட்டி இதுதான் தங்கம் என்றபோது, என்னை ஏமாற்றுகிறார் என்று நினைத்தேன். பார்ப்பதற்கு அப்படி ஒரு அசிங்கம். ஆசிட்டில் போடும்போது செம்மண் நிறத்தில் புகை எழும்பும். எல்லாத் தொல்லையும் அந்தப் புகையால் வந்ததுதான்.

இந்த வேலையை லைசன் இல்லாமல் செய்கிறவர்கள் எத்தனையோ பேர் என்று கேள்வி. இவர் எங்கள் பக்கத்து வளவை வாங்கி வந்த புதிதில், ஒரு கட்டுக் காகிதத்தோடு என்னிடம் வந்தார். நான் கல்வி அலுவலகத்தில் கிளார்க். சிங்களத்தில் எழுதிப் பழகிய கை. எந்தக் காகிதம் எந்த மேசைக்குப் போக வேண்டும் என்பது எனக்கு மனப்பாடம்.

“இவ்வளவு அலைச்சல் எதுக்கு தம்பி? மத்தவங்க எல்லாம் கம்முனு பின்னால வச்சு செய்யலயா?”

“நானும் அப்படித்தான் செஞ்சேன் அக்கா. கொழும்புல.”

அப்போதுதான் அந்தக் கதையைச் சொன்னார். கொழும்பில் ஒரு நகைக்கடையின் பின்னறையில் வருடக்கணக்காக இருந்திருக்கிறார். லைசன் கிடையாது. புகை வெளியே தெரியக் கூடாது என்று ஜன்னலைப் பலகை வைத்து ஆணியடித்து மூடிவிட்டார்கள். ஜீப் சத்தம் கேட்டால் உடனே பாத்திரத்தோடு ஆசிட்டைக் கழிவுநீர்க் கானில் ஊற்றிவிட வேண்டும். அதற்கென்றே காதைத் தீட்டிக்கொண்டு இருப்பார்களாம்.

“அந்தக் கான் எங்க போகுதுன்னு எனக்குத் தெரியாது அக்கா. யாரோட கெணத்துக்குப் போச்சோ, எந்தப் புள்ள குடிச்சுச்சோ. அந்தப் பாவம் எனக்குப் போதும். இனிமே செஞ்சா லைசன் எடுத்துட்டுச் செய்யணும். ஜன்னலத் திறந்து வச்சு செய்யணும். யாரு வேணும்னாலும் எட்டிப் பாக்கட்டும்.”

ஒரு மனிதனுக்கு ஆசை என்றால் வீடு, வாகனம், பிள்ளைக்கு வெளிநாடு என்றுதான் கேட்டிருக்கிறேன். ஜன்னலைத் திறந்து வைக்க ஆசைப்பட்ட ஆள் இவர் ஒருத்தர்தான்.

லைசன் லேசில் வரவில்லை. புகையைத் தண்ணீரில் கழுவி மேலே அனுப்புகிற குழாய் வேண்டும் என்றார்கள், வைத்தார். மிச்ச ஆசிட்டைச் சுண்ணாம்பு போட்டு அடக்கும் தொட்டி வேண்டும் என்றார்கள், கட்டினார். சுற்றுச்சூழலைப் பார்க்கிற சுற்றாடல் அலுவலகத்தார் வந்தார்கள், பிரதேச சபையிலிருந்து வந்தார்கள், ஆசிட் வாங்கத் தனி அனுமதி என்று பொலிஸில் விசாரித்தார்கள். அக்கம்பக்கத்தார் சம்மதம் வேண்டும் என்றபோது லேன் முழுக்க நானே கூடப் போய்க் கேட்டேன். எல்லோரும் கையெழுத்துப் போட்டார்கள். என் அம்மாவும் போட்டாள்.

லைசன் வந்த அன்றைக்குப் பால்சோறு ஆக்கி வீடு வீடாகக் கொடுத்தார். லைசனைக் கண்ணாடி போட்டு, வெளியே போகிறவர்களுக்கும் தெரிகிற மாதிரி ஜன்னல் பக்கத்தில் மாட்டினார். அதற்குப் பிறகு பகலில் நான் எந்த நேரம் எட்டிப் பார்த்தாலும் அந்த ஜன்னல் திறந்தே இருந்தது. சாரல் அடித்தாலும் சாத்த மாட்டார். கேட்டால், “சாத்துனா பழைய ஞாபகம் வருது அக்கா” என்பார்.

இப்போது அவர் கடுகண்ணாவையில் யாரோ ஒருவருடைய கடைக்குப் பின்னால் வேலை செய்கிறார் என்று நகைக்கடைக்காரர் ஒருவர் சொன்னார். அங்கே லைசன் இல்லையாம். ஜன்னல் இருக்கிறதா என்று நான் கேட்கவில்லை.

லேனில் எங்கள் இரண்டு வளவுக்கும் பக்கத்தில் பரீதா ராத்தாவின் வீடு. நல்ல மனுசி. பெருநாள் என்றால் வட்டிலப்பம் முதலில் எங்கள் வீட்டுக்குத்தான் வரும். அவருடைய கறிவேப்பிலைக் கன்று ஒன்று மஞ்சளாகி வாடிப்போனது.

“இவர்ட புகைதான் மகள். வேற என்ன ஈக்கி இங்க?” என்றார் ராத்தா.

தங்கக்காரர் அன்றைக்கே பேராதனைக்குப் போய் நல்ல கன்றாக ஒன்று வாங்கி வந்து, அவரே குழி தோண்டி நட்டுக் கொடுத்தார். அதுவும் வாடியது. இன்னொன்று வாங்கினார். ஒரு நாள் மதிலோரம் நின்று அவரோடு பேசிக்கொண்டிருந்தேன். ராத்தா குசினிக்குப் பின்னால் வந்து, கொதிக்கக் கொதிக்கச் சோறு வடித்த கஞ்சியை அந்தக் கன்றின் வேரில் சரியாக ஊற்றிவிட்டு உள்ளே போனார். ஆவி பறந்தது. நான் தங்கக்காரரைப் பார்த்தேன். அவரும் பார்த்துக்கொண்டுதான் இருந்தார்.

“கண்டீங்களா? போய்ச் சொல்லுங்க.”

“எப்படி அக்கா சொல்றது? இத்தன நாளும் என்னத் திட்டிட்டு இருந்தாங்க. இப்ப நான் போய் இதச் சொன்னா அவங்களுக்கு மூஞ்சில அடிச்ச மாதிரி இருக்கும்.”

“அப்ப கன்று?”

“தள்ளி நட்டுக் குடுக்குறேன்.”

அப்படியே செய்தார். கன்று பிழைத்தது. “இப்பதான் புகைய கொஞ்சம் கொறச்சிக்கிறார் போல” என்று ராத்தா என்னிடம் திருப்தியாகச் சொன்னார்.

இன்னொரு தடவை, லைசன் புதுப்பிக்கிற காகிதங்களை நிரப்ப அவருடைய பட்டறையில் உட்கார்ந்திருந்தேன். கம்பளையிலிருந்து ஒரு பெண் வந்தார். மகளின் சடங்குக்குத் தோடு செய்ய வேண்டுமாம். தன் தாயார் போட்டிருந்த சங்கிலியை முன்பே கொடுத்திருந்தார். அதில் செம்பு கூடுதல். அது இவருக்கு உரைகல்லில் தேய்த்த அன்றைக்கே தெரியும். எனக்கும் சொல்லியிருந்தார். அந்தப் பெண் எதிர்பார்த்ததில் பாதிதான் சுத்தத் தங்கமாக வந்திருந்தது.

“உருக்கும்போது என் கை தவறி கொஞ்சம் சிந்திருச்சும்மா,” என்றார் இவர். “என் மேலதான் தப்பு. கொறையறத நான் போட்டுத் தர்றேன்.”

அந்தப் பெண் முகத்தைச் சுளித்துக்கொண்டு, கவனமாகச் செய்யத் தெரியாதா என்று இரண்டு வார்த்தை திட்டிவிட்டு, தங்கத்தையும் வாங்கிக்கொண்டு போனார். எனக்கு ஆத்திரம் பொத்துக்கொண்டு வந்தது.

“உங்களுக்கு என்ன பைத்தியமா? கள்ளத் தங்கத்தக் கொண்டுவந்து குடுத்துட்டு உங்களையே ஏசிட்டுப் போகுது. நீங்க வேற அள்ளிக் குடுக்குறீங்க.”

“அந்தச் சங்கிலி அவங்க அப்பா வாங்கிக் குடுத்ததாம் அக்கா. அம்மா சாகுற வரைக்கும் கழட்டலயாம். அப்பா ஏமாந்துட்டாருன்னு நான் எப்படி அந்தப் புள்ளகிட்ட சொல்றது? என்ன ஏசுனா ஏசிட்டுப் போகட்டும். நாளைக்கே மறந்துருவாங்க.”

அவர் ஒரு அப்பாவி, ஏமாளி, எதற்கெடுத்தாலும் மன்னிப்புக் கேட்கிற கோழை என்று லேனில் ஒரு பேச்சு. அன்றைக்குத்தான் அப்படியில்லை என்று எனக்குப் புரிந்தது. எது உண்மை என்று அவருக்கு நன்றாகத் தெரியும். அதை எடுத்து வீசினால் யார் மேல் படும் என்று பார்ப்பார். படுகிற ஆள் அதைத் தாங்க மாட்டார் என்றால், தன் மேலேயே போட்டுக்கொள்வார். இவ்வளவும் புரிந்த பிறகுதான் நான் செய்ததைச் செய்தேன். புரியாமல் செய்திருந்தால் இவ்வளவு உறுத்தாது.

இனி எங்கள் கதையைச் சொல்ல வேண்டும். நாங்கள் ஹந்தானைத் தேயிலைத் தோட்டத்து ஆட்கள். எனக்கு ஏழு வயதாகும் வரைக்கும் தொழிலாளர் வரிசை வீடான லயத்தில்தான் இருந்தோம். அப்பா கொழுந்து நிறுக்கிற மடுவத்தில் கணக்கெழுதிப் பழகி, டவுனில் ஒரு கடையில் வேலை பிடித்து, இந்த லேனில் வீடு வாங்கினார். அம்மா கல்யாணத்துக்கு முன்னாலிருந்தே தேயிலை ஃபேக்டரியில், சலிக்கிற ரூமில் வேலை. தூள் பறக்கிற இடம். வேலை முடிந்து வரும்போது அம்மாவின் புருவத்தில்கூடத் தேயிலைத் தூள் ஒட்டியிருக்கும். இதை எல்லாம் டவுனுக்கு வந்த அன்றோடு மூட்டை கட்டிவிட்டோம். மாத்தளையில் தாத்தாவுக்குக் கடை இருந்தது என்று அம்மா ஒரு கதை சொன்னாள். நாங்களும் அதையே சொல்லிப் பழகினோம். என் கல்யாணமும் அந்தக் கதையை வைத்துத்தான் நடந்தது. அலுவலகத்தில் யாராவது தோட்டத்து ஆட்களைத் ‘தோட்டக்காட்டான்’ என்று கேலி பேசினால் நானும் கூடச் சேர்ந்து சிரித்திருக்கிறேன்.

தங்கக்காரரும் ஹந்தானைதான். ஆனால் அவர் அதை மறைத்ததே இல்லை. “எங்க அம்மா லயத்துலதான் என்னப் பெத்தாங்க” என்று யாரிடமும் சொல்வார். அவர் அப்படிச் சொல்லும்போதெல்லாம் நான் பேச்சை மாற்றுவேன்.

அம்மாவுக்கு இருமல் வந்தது. முதலில் விடியற்காலையில் மட்டும் இருந்தது. பிறகு படியேறினால் மூச்சு வாங்கியது. பரீதா ராத்தா வந்து பார்த்துவிட்டு, “அந்தப் புகைதான், சும்மாவா?” என்றார். நான் ஆமாம் என்றேன். சொல்வதற்கு அது எளிதாக இருந்தது. வேறு என்ன காரணம் இருக்க முடியும் என்று யோசிக்கத் தொடங்கினால் ஃபேக்டரிக்குள் போய் நிற்க வேண்டிவரும். எனக்கு அங்கே போக விருப்பமில்லை. கொஞ்ச நாளில் லேன் முழுக்க, ஆசிட் புகையால் டீச்சரம்மா மாதிரி இருந்த மனுசிக்கு நெஞ்சு போச்சு என்று பேச்சாகிவிட்டது. தங்கக்காரர் தினமும் மதிலருகே வந்து நிற்பார். “பெரியம்மாவுக்கு இன்னைக்கு எப்படி இருக்கு அக்கா?” என்று கேட்பார். கொத்தமல்லியும் தேனும் வாங்கி வந்து கொடுப்பார். நான் வாங்கி வைத்துக்கொள்வேன்.

மறுபடி லைசன் புதுப்பிக்கும் நேரம் வந்தது. சுற்றாடல் அலுவலகத்திலிருந்து சிங்கள அதிகாரி மாத்தயா ஒருவர் வந்தார். பொறுமையான மனிதர். குழாயைப் பார்த்தார், தொட்டியைப் பார்த்தார், ஒரு கருவியை வைத்துக் காற்றைச் சோதித்தார். எல்லாம் சரியாக இருக்கிறது என்று தலையாட்டினார். பிறகு அக்கம்பக்கத்தில் விசாரிக்க வேண்டும் என்று எங்கள் வீட்டு முற்றத்துக்கு வந்தார். தங்கக்காரரும் கூட வந்தார். பரீதா ராத்தா மதிலுக்கு அந்தப் பக்கம் நின்றார். அம்மா கதிரையில் உட்கார்ந்து இருமிக்கொண்டிருந்தாள்.

மாத்தயா என்னிடம் சிங்களத்தில் கேட்டார். அம்மா முன்பு எங்கேயாவது தூசியுள்ள இடத்தில் வேலை செய்தாரா, மில் மாதிரி, ஃபேக்டரி மாதிரி?

அம்மாவுக்குச் சிங்களம் நன்றாகப் புரியும். அவள் என்னைப் பார்த்தாள். நான் ராத்தாவைப் பார்த்தேன்.

“இல்ல சேர். அம்மா எப்பவும் வீட்டிலதான்.”

மாத்தயா தங்கக்காரர் பக்கம் திரும்பி, “நீங்கள் என்ன சொல்கிறீர்கள்? உங்கள் புகையாலா?” என்று கேட்டார். அவரைத் தப்பிக்க வைக்கத்தான் கேட்டார். குரலிலேயே தெரிந்தது.

“என் மேலதான் தப்பு சேர்,” என்றார் தங்கக்காரர்.

மாத்தயா பெருமூச்சு விட்டு அதை எழுதிக்கொண்டார். கொஞ்ச நாளில் கடிதம் வந்தது. புதுப்பிக்க முடியாது, வேலையை நிறுத்த வேண்டும், மறுப்பு இருந்தால் விசாரணைக்கு விண்ணப்பிக்கலாம் என்று போட்டிருந்தது. அவர் உலையை அணைத்தார். ஜன்னலைச் சாத்தினார். ஒரு வருடம் முழுக்க நான் அலைந்து எடுத்துக் கொடுத்த லைசன், என் வாயிலிருந்து வந்த ஒரு ‘இல்ல’யால் போனது.

உலை அணைந்தும் அம்மாவின் இருமல் நிற்கவில்லை. கூடியது. பேராதனை ஆஸ்பத்திரிக்குக் கூட்டிக்கொண்டு போனேன். நான் மருந்து எடுக்க வரிசையில் நின்ற நேரத்தில், உள்ளே அம்மா டாக்டரிடம் தானாகவே சொல்லிவிட்டாள். சலிக்கிற ரூம், தேயிலைத் தூள், லயத்து அடுப்பு, எல்லாம். நான் உள்ளே போனபோது அந்த இளம் டாக்டர் கொஞ்சம் கோபமாகவே கேட்டார், இதை ஏன் முதலில் சொல்லவில்லை என்று. இது பழைய தூசி, பக்கத்து வீட்டைக் குற்றம் சொல்ல இதில் எதுவும் இல்லை என்றார்.

திரும்பி வரும்போது பஸ்ஸில் அம்மா ஜன்னல் பக்கம் பார்த்துக்கொண்டே பேசினாள்.

“அவனுக்குத் தெரியும்டி.”

“யாருக்கு?”

“அந்தப் பையனுக்கு. அவங்க அம்மாவும் நானும் ஒரே ரூம்ல நின்னு சலிச்சவங்க. குடிவந்த மொத நாளே என்னக் கண்டுக்கிட்டான். ‘பெரியம்மா, நீங்க ஃபேக்டரியில’ன்னு வாயெடுத்தான். நீ பின்னால நின்ன. நான் கண்ணக் காட்டுனேன். அதோட நிறுத்திட்டான். இன்னைக்கு வரைக்கும் ஒரு வார்த்த பேசல.”

அன்று முற்றத்தில் அவர் ஏன் அப்படிச் சொன்னார் என்பது அப்போதுதான் விளங்கியது. அவர் தன்னைக் காப்பாற்றிக்கொள்ள வேண்டுமென்றால் என் அம்மாவைக் காட்டிக்கொடுத்திருக்க வேண்டும். நான் பொய் சொன்னேன் என்பதை ராத்தாவுக்கு முன்னால் போட்டு உடைத்திருக்க வேண்டும்.

“விசாரணைக்கு எழுதிப் போடு,” என்றாள் அம்மா. “என்னால படியேற முடியாது. நீ போய்ச் சொல்லு. எங்கம்மா ஃபேக்டரியில வேல செஞ்சவன்னு என் பேரச் சொல்லியே சொல்லு. இனிமே எனக்கு என்னடி வெக்கம்.”

எழுதிப் போட்டேன். தேதி கொடுத்தார்கள். அன்று காலை கண்ணாடி முன்னால் நின்று அந்த வாக்கியத்தைச் சிங்களத்தில் சொல்லிப் பார்த்துக்கொண்டேன். என் அம்மா தேயிலை ஃபேக்டரியில் வேலை செய்தவர். எட்டு வயதுப் பிள்ளைகூடத் தடுமாறாமல் சொல்லும்.

அலுவலகத்து வராந்தாவில் தங்கக்காரர் வெள்ளைச் சட்டை போட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தார். எதிரில் போட்டிருந்த நீள வாங்கில் பரீதா ராத்தாவும் லேனைச் சேர்ந்த இன்னும் சிலரும் இருந்தார்கள். அவர்களையும் கூப்பிட்டிருந்தார்கள். எனக்கு இது தெரியாது. ராத்தா என்னைப் பார்த்துக் கையசைத்து, பக்கத்தில் இடம் போட்டார். நான் உட்காராமல் நின்றேன்.

தங்கக்காரர் என் முகத்தைப் பார்த்தார். எழுந்து பக்கத்தில் வந்து மெதுவாகச் சொன்னார்.

“அக்கா, லேன் ஆளுங்க எல்லாம் வந்திருக்காங்க. ஃபேக்டரி கதயெல்லாம் இங்க வேணாம். பெரியம்மாவுக்கு வேற வியாதின்னு மட்டும் சொல்லுங்க. அது போதும்.”

“போதுமா தம்பி?”

“போதும் அக்கா.”

போதாது என்று எனக்குத் தெரியும். அவருக்குத் தங்கம் தெரியும், அலுவலகம் தெரியாது. ‘வேற ஏதோ’ என்று எழுதின ஒரு ஃபைலும் மேசையை விட்டு நகராது என்று, ஆயுள் முழுக்க அந்த மாதிரி மேசையில் உட்கார்ந்த எனக்குத் தெரியாதா? தெரிந்துகொண்டேதான் தலையாட்டினேன். அவர் அப்படிச் சொன்னதில் எனக்கு வந்த நிம்மதியை நினைத்தால் இப்போதும் என் மேல் எனக்கே அருவருப்பு வருகிறது.

உள்ளே அதே மாத்தயா. எல்லோரையும் உட்காரச் சொன்னார்.

“சொல்லுங்கள் மிஸ். அம்மாவின் இருமலுக்கு இவருடைய புகை காரணமில்லை என்று எழுதியிருக்கிறீர்கள்.”

“ஆமா சேர். அது வேற வியாதி.”

“நல்லது. எதனால் வந்தது என்று டாக்டர் சொன்னாரா?”

ராத்தா என் பக்கம் திரும்பினார். அவருக்கு அம்மாவின் மேல் உண்மையான அக்கறை. என்ன வியாதியோ என்று பதறிப்போய்ப் பார்த்தார். தங்கக்காரர் தலையைக் குனிந்து தன் செருப்பைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

“தெளிவா ஒண்ணும் சொல்லல சேர்.”

மாத்தயா பேனாவைக் கீழே வைத்தார்.

“மிஸ், இந்த மனிதரைப் போல ஒழுங்காகப் பட்டறை வைத்திருக்கிறவரை நான் பார்த்ததில்லை. எனக்கு ஒரு காரணம் கொடுங்கள். எழுதிவிட்டு இப்போதே முடித்துவிடுகிறேன்.”

அவர் காத்திருந்தார். உண்மையாகவே காத்திருந்தார். அந்த வாக்கியம் என் நாக்கு வரை வந்தது. ராத்தா சிரித்த முகத்தோடு என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். நான் அதை விழுங்கினேன்.

மாத்தயா ஃபைலை மூடினார். வீடுகள் இல்லாத இடத்தில் பட்டறை போட்டுக்கொண்டு புதிதாக விண்ணப்பிக்கலாம் என்றார். அப்படி ஒரு இடம் வாங்கத் தங்கக்காரரிடம் வழியில்லை என்று அங்கிருந்த எல்லோருக்கும் தெரியும்.

படியிறங்கி வெளியே வந்தோம். லேன் ஆட்கள் முன்னால் போய்விட்டார்கள். மாத்தயா இன்னும் மேலே அந்த மேசையில்தான் இருந்தார். திரும்பி ஏறினால் ஒரு நிமிஷ வேலை. இப்போது ராத்தாகூட அங்கே இல்லை. நான் படியைத் திரும்பிப் பார்த்தேன். நான் எதற்காகப் பார்க்கிறேன் என்று தங்கக்காரருக்கு விளங்கியிருக்க வேண்டும்.

“அக்கா, என் மேலதான் தப்பு,” என்றார். “நீங்க சொல்லணும்னுதான் வந்தீங்க. நான்தான் வேணாம்னு தடுத்துட்டேன். மனசுல ஒண்ணும் வச்சுக்காதீங்க. பெரியம்மாகிட்டயும் நான்தான் கெடுத்தேன்னு சொல்லிருங்க.”

“பரவாயில்ல தம்பி,” என்றேன். “விடுங்க.”

அவர் முகம் தெளிந்தது. பஸ் வரும் வரைக்கும் என்னோடு நின்று, எனக்கு இடம் கிடைத்ததைப் பார்த்த பிறகுதான் போனார்.